ஊசிமுனைக் காயம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று எம் தமிழ்ப் பேராசிரியர் பணித்தபொழுது, நெடுநல்வாடையின் நயங்களைத் தொகுத்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே யாம் எண்ணினோம். அவ்வாறு தொடங்கியும் பார்த்தோம். அப்பாட்டின் இறுதியில், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில், பாசறையிலே புண்பட்டுக் கிடக்கும் வீரரை ஒருவர்பின் ஒருவராய்க் கண்டு செல்லும் வேந்தனிடத்து வந்தவுடன் எமது எழுதுகோல் நின்றுவிட்டது. வேந்தன் வந்ததும் கண்டதும் பாடப்பட்டுள்ளன. அப்புண்களினின்று வடிந்த குருதியை விடியற்காலையில் துடைத்தவர் யாவர் என்பது பாடப்படவில்லை. பாடாதது புலவரின் குற்றம் என்று கூற யாம் முன்வரவில்லை. ஆயின் சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய குருதியைத் துடைப்பவர் ஒருவரோடு ஏழு வாரம் பணிசெய்திருந்தமையால் எமக்கு அவ்வினா எழுந்தது. எழுந்தபின் நயம் பாராட்டும் கட்டுரை ஓரடியும் நகர மறுத்தது. ஆதலின் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, ஓராண்டாக எம் நெஞ்சை விட்டு நீங்காத வேறொன்றை எழுதத் துணிந்தோம். நடுவே நாற்றமும் குருதியும் வரும். வாசிக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க.

யாம் பணிசெய்த மருத்துவமனை எமது ஊருக்கு அடுத்த சிறு நகரில் உள்ளது. அதன் பெயர் ஈண்டு வேண்டா. இருபது கட்டில்களும், ஓர் அறுவை அறையும், காயங்களுக்குக் கட்டுக் கட்டும் அறை ஒன்றும், பகலிலும் விளக்கெரியும் நீண்டதொரு நடையும் உடையது. கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியையேனும் ஈட்டிக்கொள்ளும்பொருட்டு ஆங்குக் கட்டறை உதவியாளராய்ச் சேர்ந்தோம். தட்டு ஏந்துதல், பஞ்சு எடுத்துக் கொடுத்தல், நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்லுதல், கட்டு முடிந்தபின் தட்டில் எஞ்சியவற்றை உரிய பைகளில் இடுதல் என்பனவே எம் தொழில்.

முதல் நாளன்றே தலைமை நர்ஸ் அம்மையார் எம்மைச் சுவரோரம் நிறுத்தி நான்கு நிறங்களை மனப்பாடம் செய்வித்தார். குருதி தோய்ந்த பஞ்சும் துணியும், உடலினின்று அரிந்தெடுத்தவையும் மஞ்சட் பையில். குழாய், ஊசி நீக்கிய ஸிரிஞ்சு, கையுறை முதலியன சிவப்பில். மருந்துக் குப்பியும் உடைந்த கண்ணாடியும் நீலத்தில். ஊசி, பிளேடு, கத்தி முதலிய கூரியவை யாவும், குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். இப்பாகுபாடு நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளால் அமைந்தது. இவ்வகைக் கழிவுக்கென்றே முதல் விதிகள் 1998ஆம் ஆண்டில் பிறந்தன. ஐந்திணைக்கும் முதல், கரு, உரிப்பொருள்களை ஒப்பித்தவருக்கு நான்கு நிறங்கள் எம்மாத்திரம் என்று யாம் உள்ளூர நகைத்துக்கொண்டோம்.

அவ்வறையைத் துப்புரவு செய்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். மருத்துவமனையில் யாவரும் அவரை ஆயா என்றே அழைத்தனர். யாமும் அவ்வாறே அழைத்தோம். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டென்பதையே மூன்றாம் வாரத்தில் வருகைப் பதிவேட்டில் கண்டுதான் அறிந்தோம். இருபத்திரண்டு ஆண்டு அங்கு உழைத்தவர். ஆயினும் மருத்துவமனையின் ஆளல்லர், ஆளனுப்பும் காண்டிராக்டரின் ஆள். தரையில் சிந்திய குருதியை உடனே துடைக்கலாகாது. அதன்மேல் பழந்துணியை விரித்து, பிளீச்சிங் கரைத்த நீரை ஊற்றி, சற்றுப் பொறுத்து, வெளி விளிம்பினின்று நடுவை நோக்கித் துடைக்கவேண்டும். இதனை எமக்குக் கற்பித்தவர் நர்ஸ் அம்மையார் அல்லர், ஆயாவே. ‘உள்ளேயிருந்து வெளியே துடைத்தால் ஒரு சொட்டை ஓர் அறையாக்கிவிடுவீர்கள் தம்பி’ என்பார்.

இவ்வளவு அறிந்தவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வேலை செய்தார். கையுறைப் பெட்டி பூட்டிய அலமாரியில் இருந்தது. கேட்டால் கொடுப்பர், இல்லையென்று ஒருபோதும் சொன்னதில்லை. ஆயின் கேட்கும்போதெல்லாம், ‘நேற்றுத்தானே வாங்கினாய்?’ என்று ஒரு சொல் உடன் வரும். அச்சொல்லைக் கேட்பதினும் வெறுங்கை அவருக்கு எளிதாயிருந்தது.

கையுறையைப் பற்றி யாம் பின்னர் அறிந்த செய்தி ஒன்று சுவையானது. அதனை இவ்விடத்தே சொல்லிவிடுகின்றோம். அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889ஆம் ஆண்டையொட்டி வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவரது அறுவை அறைத் தாதி கரோலைன் ஹாம்ப்டன் என்பவர். கைகளைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய இரசக் கரைசலால் அப்பெண்ணின் கைத்தோல் வெந்து புண்ணாயிற்று. அதைப் பொறாத ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர்க் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்வித்துக் கொடுத்தார். 1890ஆம் ஆண்டு அவ்விருவரும் மணந்துகொண்டனர். அறுவை அறைக்குள் ரப்பர்க் கையுறை புகுந்தது நோயாளியின்பொருட்டு அன்று, பணிசெய்யும் ஒரு பெண்ணின் கையின்பொருட்டு என்பது எமக்கு மிகவும் வியப்பாயிருந்தது. அக்கையைப் பார்த்து வருந்த ஒருவர் இருந்தார். எங்கள் ஆயாவின் கை அலமாரிக்கு இப்பால் இருந்தது.

நிற்க. ஐந்தாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, கூலியாட்களை ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஒன்று கவிழ்ந்து, காயம்பட்ட நால்வரைக் கொணர்ந்தனர். ஒரே ஒரு கட்டறை; இரண்டு தாதியர்; யாம். ஒருவர் நெற்றி பிளந்திருந்தது, ஒருவர் முழங்கை, மற்ற இருவரையும் தரையில் பாய் விரித்துக் கிடத்தினோம். மரத்துப்போகும் மருந்தை ஏற்றித் தையல் போடுவதும், அடுத்தவரிடம் ஓடுவதுமாக இரண்டு மணி நேரம் சென்றது. இடையில் தட்டு நிரம்பிவிட்டது. அதில் பஞ்சும் துணியும் இருந்தன. அவற்றினடியில், ஊசி கழற்றாத ஸிரிஞ்சு ஒன்றும் இருந்தது. வெள்ளைப் பெட்டியைப் பார்த்தோம். அது வாய்வரை நிரம்பியிருந்தது. முக்காற்பங்கு நிரம்பியபொழுதே மாற்றியிருக்கவேண்டும், ஒருவரும் மாற்றவில்லை. புதிய பெட்டி இரண்டு அறை தள்ளி இருந்தது. ‘தட்டைக் கொண்டுவா’ என்று ஒரு குரல். யாம் தட்டை அப்படியே மஞ்சட் பையில் கவிழ்த்தோம்.

தெரியாமற் செய்தோம் என்று சொல்ல இயலவில்லை. பின்னர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியதும் தெளிவாக நினைவிலிருக்கின்றது. பின்னர் வரவில்லை. இக்கட்டுரையில் யாம் யாம் என்று எழுதுவது இம்மலரின் வழக்கம்பற்றியது. ஆயின் இவ்விடத்தில் அத்தன்மைப் பன்மை எமக்கு ஒளிந்துகொள்ளும் திரையாகின்றது என்பதை இலக்கணம் பயில்வோர் கண்டுகொள்வர். தட்டைக் கவிழ்த்த கை ஒருமையே.

மறுநாட் காலை ஏழு மணிக்கு ஆயா அப்பையின் வாயைக் கட்டுதற்காக அதனை உள்ளங்கையால் அமுக்கினார். ‘ஸ்’ என்றார். கட்டைவிரலின் அடியில் ஒரு கடுகளவு குருதி முத்துப்போல் நின்றது. விரலை வாயில் வைத்துச் சப்பினார். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்தார். யாம் வாயிலில் நின்றிருந்தோம்.

‘முள்ளுக் குத்தினதுபோலத்தான் தம்பி. நர்ஸம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்றார்.

ஏன் என்று கேட்டோம். சொன்னால் கவனமில்லாதவள் என்று காண்டிராக்டர் ஆளை மாற்றிவிடுவார் என்பது ஒரு காரணம். மற்றொன்றை அவர் உடனே சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நகரும்போது சொன்னார்: ‘ஊசி குத்தினால் இரத்தம் எடுப்பார்கள். அந்தப் பரிசோதனை என்றாலே ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியாதா? வீட்டில் கலியாணத்துக்குப் பெண் இருக்கிறாள்.’

அவர் சென்றபின் பையின் வாயைத் திறந்து பார்த்தோம். அதே ஸிரிஞ்சு. யாம் சொல்லவில்லை. ஆயா வேண்டாம் என்றதனால் சொல்லவில்லை என்று அன்று முற்பகல் முழுதும் எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். அவர் வேண்டாம் என்றது எவ்வளவு வசதியாய் இருந்தது! பிற்பகல் இரண்டு மணிவரை அவ்வாறே இருந்தோம்.

இது நிகழ்ந்து சில வாரம் கழித்து, கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு வரலாற்றைப் படித்தோம். வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் 1840ஆம் ஆண்டுகளில் பிள்ளை பெற வந்த தாய்மார் காய்ச்சல் கண்டு கூட்டங் கூட்டமாய் இறந்தனர். அங்கு இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதற் பகுதியில் 1846ஆம் ஆண்டு நூற்றுக்கு 11 பேர்க்கு மேல் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பகுதியில் மூவர்க்குக் குறைவு. காரணம் விளங்காமல் வருந்தியவர் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். அவருடைய நண்பர் யாக்கோப் கொல்லெட்ச்கா என்னும் பேராசிரியர் 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபொழுது, ஒரு மாணவனுடைய கையிலிருந்த கத்தி அவர் விரலில் குத்திவிட்டது. அக்காயத்தால் அவர் காய்ச்சல் கண்டு இறந்தார். வெனிஸ் நகரம் சென்று திரும்பிய ஸெம்மல்வைஸ், தம் நண்பரின் உடலில் கண்ட மாறுதல்கள் இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவையே என்பதை உணர்ந்தார். பிணவறையினின்று நேரே பிரசவ அறைக்கு வரும் கைகளே நஞ்சைக் கொணர்கின்றன என்று துணிந்து, குளோரின் கலந்த சுண்ணக் கரைசலில் கைகழுவும்படி 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டளையிட்டார். 1848ஆம் ஆண்டு அப்பகுதியில் சாவு நூற்றுக்கு ஒன்றையொட்டி இறங்கிவிட்டது. உலகம் அவரை எளிதில் நம்பவில்லை என்பதும், 1865ஆம் ஆண்டு ஒரு மனநோய் விடுதியில் அவரே புண்ணில் நஞ்சேறி இறந்தார் என்பதும் பலர் அறிந்தவை.

இவ்வரலாற்றை எழுதுவோர் ஸெம்மல்வைஸின் அறிவையும் துயரையும் விரித்து எழுதுவர். எமது கண்ணோ கத்தி பிடித்த அம்மாணவன்மேற் சென்று நின்றது. யாம் படித்த நூலில் அவன் பெயர் இல்லை. ஆசிரியர் விரலைத் துடைத்துக்கொண்டு, ‘ஒன்றுமில்லை, வேலையைப் பார்’ என்று கூறியிருப்பாரா? அவன் நம்பியிருப்பானா? அடக்கத்தன்று எங்கே நின்றான்? பிற்காலத்தில் பல்லாயிரம் தாய்மார் பிழைத்தது தன் கைப்பிழையால் விளைந்த அறிவினால் என்று எவரேனும் அவனைத் தேற்றியிருந்தால், அத்தேற்றம் அவனுக்குப் போதியதாய் இருந்திருக்குமா? எமக்குப் போதாது என்றே தோன்றுகின்றது.

இரண்டு மணிக்குத் தலைமை நர்ஸ் அம்மையாரிடம் சொன்னோம். அவர் எம்மை வைவார் என்று எதிர்பார்த்தோம், வையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ‘எத்தனை மணிக்குக் குத்திற்று?’ என்று கேட்டார். ஏழு என்றோம். ‘ஏழு மணி நேரம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆயாவைத் தேடி விரைந்தார். வசைமொழி இதனினும் எளிதாயிருந்திருக்கும்.

குத்தியவுடன் செய்யவேண்டியது மிகச் சிறியது. ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவவேண்டும்; அவ்வளவே. பிதுக்கலாகாது, வாயில் வைக்கலாகாது, டிஞ்சர், பிளீச்சிங் முதலிய கடுமருந்துகளைக் காயத்தில் ஊற்றலாகாது. கழுவியபின் உடனே அறிவிக்கவேண்டும். அறிவிப்பது ஏன் எனின், அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. எச்.ஐ.வி. நோயுள்ளவரின் குருதி தோய்ந்த ஊசி குத்தினால், மருந்துண்ணாவிடின், ஆயிரத்தில் மூவர் அளவுக்கே அந்நோய் பற்றும். அம்மூவரில் ஒருவராகாமற் காக்கும் மாத்திரைகள் உள்ளன. அவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குதல் நன்று. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கியபின் 28 நாள் விடாது உண்ணவேண்டும். சி வகைக் கல்லீரல் அழற்சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆயின் இந்நாளில் சில வாரம் மாத்திரை உண்டு பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர். மக்கள் பெயரைக் கேட்டு நடுங்காத பி வகையே இவற்றுள் எளிதிற் பற்றுவது. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு நூற்றுக்கு ஆறு முதல் முப்பது பேர்வரை பற்றக்கூடும். உலர்ந்த குருதியிலும் அக்கிருமி ஏழு நாளேனும் உயிரோடிருக்கும். அதற்கோ 1980ஆம் ஆண்டுகளிலிருந்தே நல்ல தடுப்பூசி இருக்கின்றது. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அத்தடுப்பூசி போடவேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் வெளிப்படையாகக் கூறுகின்றன.

‘இருபத்திரண்டு வருஷத்தில் உனக்கு யாராவது போட்டார்களா?’ என்று டாக்டர் ஆயாவைக் கேட்டார். ‘பிரசவத்தின்போது டெட்டனஸ் ஊசி போட்டார்கள் ஐயா’ என்றார் ஆயா. டாக்டர் தலைகுனிந்து எதையோ எழுதத் தொடங்கினார்.

ஊசி யாருடைய குருதி தோய்ந்தது என்பதை அறிய முயன்றனர். நால்வரில் மூவர் கட்டிலிலேயே இருந்தனர். அவர்கள் இசைவு பெற்றுக் குருதியைச் சோதித்ததில் ஒன்றுமில்லை. நான்காமவரை இரவோடிரவாக உறவினர் வேறிடம் கொண்டுபோய்விட்டனர். எழுதிவைத்த தொலைபேசி எண்ணில் எவரும் பேசவில்லை. ஆகவே மாத்திரை உண்பதே தக்கதென்று டாக்டர் முடிவுசெய்தார். அம்மாத்திரைகள் அரசினர் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும். ஆயாவை அழைத்துச் செல்லும் பணி எமக்கு வந்தது.

பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம். ஆயா சன்னலோரம் அமர்ந்திருந்தார். பாதி வழியில், ‘ஆயா, அந்த ஊசியைப் பையில் போட்டது நான்தான்’ என்றோம். சொல்வதற்குமுன் பலமுறை மனத்துக்குள் வாக்கியத்தைத் திருத்திப் பார்த்திருந்தோம், வெளிவந்தது இவ்வளவே. அவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார். ஒரு ஊர், இரண்டு ஊர் கடந்தன. இறங்கவேண்டிய இடம் வந்தபோதுதான் பேசினார்: ‘பெட்டி நிறைந்தால் என்னைக் கூப்பிடவேண்டியதுதானே? எனக்கு மாற்றத் தெரியாதா?’ அதன்பின் மூன்று நாள் அவர் எம்மோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மன்னிப்பு என்பதைப் பற்றி ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த யாம், அது கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்தோம் போலும்.

அந்த 28 நாளும் அவருக்குக் குமட்டலும் தலைவலியும் இருந்தன. மாத்திரையை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, இரத்தச்சோகைக்கு என்று மகளிடம் சொல்லியிருந்தார். மருத்துவமனை அவருக்கு விடுப்புக் கொடுத்தது. காண்டிராக்டர் அந்நாட்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எம் கடைசி வாரக் கூலியை அவரிடம் நீட்டினோம். மறுப்பார் என்று நினைத்தோம். அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அது எமக்குச் சற்று ஆறுதலாயிருந்தது.

விடுமுறை முடிந்து கல்லூரி திரும்பியபின், இக்காவல் முறைகள் எங்ஙனம் தோன்றின என்று தேடிப் படித்தோம். 1980ஆம் ஆண்டுகளில் எச்.ஐ.வி. நோய் வெளிப்பட்டபொழுது மருத்துவமனைப் பணியாளரிடையே பேரச்சம் பிறந்தது. அமெரிக்க அரசினரின் நோய்த்தடுப்பு மையத்தார் 1985ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1987ஆம் ஆண்டிலும் ஒரு விதியை வகுத்தனர். நோயுள்ளவர் இன்னார் என்று தேடாதே. எவர் குருதியாயினும் நோயுள்ள குருதியாகவே கருதிக் கையாளுக என்பது அதன் கருத்து. 1991ஆம் ஆண்டு அந்நாட்டில் அது தொழிலிடச் சட்டமாயிற்று. கையுறையும் தடுப்பூசியும் முதலாளியே இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று.

நம் நாட்டில் அந்நோய் இருப்பது முதன்முதல் அறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனீதி சாலமன் அவர்களின் தூண்டுதலால், செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவியார் குருதி மாதிரிகளைத் தொகுத்து, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆராய்ச்சி என்றால் பெரிய கட்டடமும் பொறிகளும் என்று எண்ணியிருந்த எமக்கு, உணவு வைக்கும் பெட்டியில் அந்நோயின் முதற் சான்று இருந்தது என்பதைப் படித்தபொழுது மயிர்க்கூச்செறிந்தது.

எவர் குருதியாயினும் ஒன்றாகவே கருதுக என்னும் விதியை யாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். குருதியைத் தொடாதே என்று நம் முன்னோரும் சொன்னார்கள். லேவியராகமத்திலே ஊறலுள்ளவன் தொட்ட மண்பாண்டத்தை உடைக்கவும், மரப்பாத்திரத்தைத் தண்ணீரில் கழுவவும் சொல்லியிருக்கின்றது. எந்தப் பொருளில் கறை ஊறும், எதில் ஊறாது என்று அறிந்த ஒருவர் கூற்று அது. எங்கள் சிவப்புப் பையையும் மஞ்சட் பையையும் நினைப்பிக்கின்றது. நம் நாட்டிலோ தீட்டு என்னும் சொல் உண்டு. ஆயின் தீட்டு எப்பொழுதும் ‘யாருடையது?’ என்று கேட்கும். எவள் இன்று ஒதுங்கியிருக்கவேண்டும், எவன் எட்டி நிற்கவேண்டும், எவர் துடைக்கவேண்டும் என்று கேட்கும். துடைப்பவரைக் காக்க அது ஒரு கையுறையும் கொடுத்ததில்லை. புதுவிதியோ யாருடையது என்று கேட்கவே கூடாது என்கின்றது. பிஷப்பின் குருதிக்கும் பிச்சைக்காரரின் குருதிக்கும் ஒரே கையுறை. ஆயா ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியது தீட்டின் பழைய கேள்விக்கே அன்றிக் கிருமிக்கு அன்று. இருமுறையும் ஒன்றே என்று விடுதியில் வாதித்த நண்பர் ஒருவரோடு நள்ளிரவுவரை சண்டையிட்டோம். அவர் இன்னும் ஒப்பவில்லை.

புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய பாட்டொன்றில், புண்பட்ட கணவனைக் காக்கும் மனைவி வீட்டிலே இரவ இலையும் வேப்பிலையும் செருகி, வெண்கடுகு தூவி, மணி ஒலித்து, காஞ்சி பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்ப முனைகின்றாள். வகுப்பில் இதனைப் படித்தபொழுது, அக்காலத்துக் கட்டறை இது என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம். புலைத்தி துணி வெளுப்பதைப் பாடிய புலவரும் உளர். புண்ணில் சுற்றிய துணியை வெளுத்த அவள் கையில் ஏதேனும் கீறல் இருந்ததா என்று பாடியவரை யாம் இதுவரை படித்த அளவில் கண்டிலோம்.

ஆறாம் வாரத்துச் சோதனையில் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதத்திலும் இல்லை. தலைமை நர்ஸ் அம்மையார் ஆயாவோடு மற்றத் துப்புரவுப் பெண்களுக்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார் என்றும், கையுறைப் பெட்டி அலமாரியைவிட்டு வெளியே வந்து சுவரில் தொங்குகின்றது என்றும் அறிந்தோம். அது தொங்குவதற்கு ஒரு பெண்ணின் கையில் ஊசி ஏறவேண்டியிருந்ததே என்பதை நினைத்தால் அச்செய்தியில் முழுமகிழ்ச்சி கொள்ள இயலவில்லை.

ஆறாம் மாதச் சோதனை நவம்பரில் வந்தது. தடுப்பூசியின் மூன்றாம் தவணையும் அப்பொழுதே. மழை விடாது பெய்த ஒரு காலைப் பொழுதில் பஸ் நிலையத்தில் ஆயாவைச் சந்தித்தோம். மகளுக்குத் தையில் கலியாணம் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் குருதி எடுத்தபின் நெடுநேரம் பெஞ்சில் அமர்ந்திருந்தோம். அவர் கொணர்ந்த முறுக்கை இருவரும் தின்றோம். யாம் ஜெபிக்க முயன்றோம், சொற்கள் வரவில்லை, எதிரில் மழைநீர் ஒழுகிய வாளியை எண்ணிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பெயர் சொல்லி அழைத்தனர். ஆயா என்றல்ல, பதிவேட்டில் யாம் கண்ட அப்பெயரைச் சொல்லி அழைத்தனர். உள்ளே சென்றவர் சற்றைக்கெல்லாம் வெளியே வந்து, தலையை மட்டும் அசைத்தார். ஒன்றுமில்லை.

பிறகு தடுப்பூசி அறைக்குச் சென்றோம். இளந்தாதி ஒருவர் அவர் தோளில் ஊசி போட்டு, மூடியை மறுபடி மாட்டாமல், திரும்பி வெள்ளைப் பெட்டியில் போட்டார். டக் என்று ஓசை கேட்டது. ஆயா சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்துக்கொண்டு, பெட்டியருகே குனிந்து உள்ளே பார்த்தார்.

‘இன்னும் பாதி இடம் இருக்கிறது தம்பி’ என்றார்.